பள்ளி நூலகப் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறதா?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நடக்கிற ஆசிரியர் கூட்டத்தில் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். தேர்வுப் பணி ஒருவருக்கு, சாரணர் இயக்கம் ஒருவருக்கு, பசுமைப் படை ஒருவருக்கு. கடைசியில் நூலகம் மிஞ்சும். பெரும்பாலும் தமிழாசிரியரிடம்தான் வந்து சேரும். நிலக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிற எனக்கும் அப்படித்தான் வந்தது. கூடவே ஒரு பீரோ சாவி, ஒரு இருப்புப் பதிவேடு. இந்த வருடம் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்காக, நான் செய்து பலன் கண்டவற்றை எழுதுகிறேன். தனி நூலகரும் தனிக் கட்டடமும் இருக்கிற பள்ளிகளுக்கு இதில் பாதி தேவைப்படாது. ஒரு பீரோ, வாரத்துக்கு ஒரு பாடவேளை, தடுமாறிப் படிக்கிற பிள்ளைகள் கணிசமாக உள்ள வகுப்புகள் என்று இருக்கிற பள்ளிக்குத்தான் இது.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்க படிக்குதுங்க, கையிலதான் போன் இருக்கே" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் பாடப்புத்தகம் தவிர வேறொரு புத்தகத்தைத் தொட்டுப் பார்த்ததே பள்ளியில்தான். எடுக்கவும் புரட்டவும் பிடிக்காவிட்டால் திருப்பி வைக்கவும் வாய்ப்பே கிடைக்காத பிள்ளையிடம் வாசிப்பு ஆர்வம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? பொறுப்பாசிரியருக்கு வேலை இரண்டுதான். புத்தகத்தைக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். படித்ததற்கு ஈடாகப் பிள்ளையிடம் எதையும் கேட்காமல் இருக்க வேண்டும். முதல் வேலைக்கு உடம்பு உழைத்தால் போதும். இரண்டாவது, ஆசிரியராகப் பழகிவிட்ட நமக்கு நிஜமாகவே கஷ்டம்.

பீரோவைக் காலி செய்யுங்கள்

முதல் வாரத்திலேயே எல்லாப் புத்தகங்களையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்புங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரைக் கூப்பிட்டுக்கொண்டால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். போட்டித் தேர்வு வழிகாட்டிகள், பழைய வினா வங்கிகள், நூற்றாண்டு விழா மலர்கள், கல்லூரி அளவு இலக்கண நூல்கள், கலைக்களஞ்சியத்தின் ஒற்றைத் தொகுதி என்று வரும். இவை யாரோ நல்ல மனதோடு கொடுத்தவையாக இருக்கலாம். ஆனாலும் ஆறாம் வகுப்புப் பிள்ளை பீரோவைத் திறந்ததும் கண்ணில் படுவது இவையாக இருந்தால் அது திரும்பி வராது. இவற்றைத் தனியாகக் கட்டி ஆசிரியர் அறைக்கு மாற்றிவிடுங்கள். கிழிந்து, ராமபாணப் பூச்சி அரித்து, படிக்க முடியாமல் போனதை நீங்களாகவே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடக் கூடாது. பதிவேட்டு எண்ணோடு பட்டியல் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, முறைப்படி கழிக்கச் சொல்லுங்கள்.

மிச்சம் இருப்பதுதான் உங்கள் நூலகம். குறைவாகத்தான் இருக்கும். கவலைப்பட வேண்டாம்.

சிறுவர் புத்தகங்கள் பெரும்பாலும் பதினாறு, இருபத்துநான்கு பக்கம் உள்ள மெல்லிய புத்தகங்கள். நடுவில் பின் அடித்திருக்கும். முதுகில் தலைப்பு அச்சடிக்கவே இடம் இருக்காது. இவற்றை அடுக்கி நிறுத்தினால் வெறும் தாள் விளிம்பு மட்டுமே தெரியும். எத்தனை நல்ல படம் அட்டையில் இருந்தாலும் யார் கண்ணிலும் படாது. அதனால் அட்டை முன்னால் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். நான் வகுப்பறைச் சுவரில் இரண்டு ஆணி அடித்து, நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்பில் தொங்கவிட்டேன். கயிறு ஆறாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு மேலே போகக் கூடாது. அட்டையில் கிளிப் தடம் விழாமல் இருக்க, புத்தகத்தை நடுவில் விரித்துக் கயிற்றின் மேலேயே போட்டுவிட்டு, அசையாமல் இருக்க ஓரத்தில் மட்டும் கிளிப் போடுங்கள். சாரல் அடிக்கும் ஜன்னல் பக்கம் வேண்டாம். வாரம் ஒருமுறை புத்தகங்களை மாற்றுங்கள். கயிற்றில் அதே புத்தகம் ஒரு மாதம் தொங்கினால் பிள்ளைகளுக்கு அதுவும் சுவர் மாதிரிதான்.

பூச்சிக்கு, நிழலில் காயவைத்த வேப்பிலையைப் பீரோத் தட்டுகளில் போடுகிறேன். அந்துருண்டை வாசனை புத்தகத்தில் ஏறி, படிக்கிற பிள்ளைக்குத் தலைவலி வருகிறது. அதை விட்டுவிட்டேன்.

தொலைந்து போகும் என்ற பயம்

பீரோக்கள் பூட்டியே இருப்பதற்குச் சோம்பல் காரணம் இல்லை. தணிக்கை வரும்போது புத்தகம் குறைந்தால் கையிலிருந்து கட்ட வேண்டுமே என்ற பயம்தான். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே அதை ஜூன் மாதத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் நூலகங்களுக்கென்று ஒரு விதி இருக்கிறது, 215ஆவது விதி. ஓர் ஆண்டில் வாசகர்களுக்கு வழங்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் வரை தொலைவதை இயல்பான இழப்பாகக் கருதலாம், அதில் நேர்மைக் குறைவோ அலட்சியமோ இருக்கக் கூடாது என்கிறது. மாநில அரசுப் பள்ளிகளை அந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நூல் புழங்கினால் கொஞ்சம் தொலையத்தான் செய்யும் என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதைத் தலைமையாசிரியரிடம் காட்டலாம். அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்த விஷயத்தை வைத்து, தொலைந்த நூலைப் பதிவேட்டில் எப்படிக் குறிப்பது என்று ஒரு தீர்மானம் எழுதி வாங்கிவிட்டால் நிம்மதி.

பிள்ளைகளுக்கு அபராதம் போடாதீர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் புத்தகத்துக்கென்று தனி இடம் கிடையாது. டிவி மேலே வைப்பார்கள், தம்பி இழுத்துக் கிறுக்கிவிடுவான். திண்ணையில் வைத்தால் ஆடு மென்றுவிடும். அட்டையில் ஆட்டுப் பல் பதிந்து திரும்பி வந்த புத்தகம் என்னிடம் இருக்கிறது. அதைக் கொண்டுவந்த பிள்ளை பயந்துகொண்டே நின்றது. "பரவாயில்லப்பா, உள்ள எல்லாப் பக்கமும் இருக்குல்ல" என்று சொல்லி, டேப் ஒட்டி மறுபடியும் கயிற்றில் போட்டோம். அந்தப் பிள்ளை அன்றைக்கே இன்னொரு புத்தகம் எடுத்துக்கொண்டு போனது. பத்து ரூபாய் கேட்டிருந்தால் அது திரும்ப வந்திருக்காது, அதன் தங்கையும் வந்திருக்காது. அபராதத்துக்குப் பதில், பழைய துணியில் தைத்த ஒரு பை கொடுங்கள். புத்தகம் பையில் போகும், பையிலேயே திரும்பும். சத்துணவுக் கூடத்து அக்கா ஒருவர் எங்களுக்குப் பழைய சேலைகளில் தைத்துக் கொடுத்தார்.

புத்தகம் கொடுத்து வாங்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். கோடு போட்ட நீளமான நோட்டு ஒன்று போதும். தேதி, பெயர், வகுப்பு, புத்தக எண், திரும்பிய தேதி. அவ்வளவுதான். இருவர் இருவராக, வாரம் ஒரு ஜோடி. காலை இறைவணக்கத்துக்கு முன்னால் பத்து நிமிடம், மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிடம். வாரத்துக்கு ஒரு பாடவேளையில் மட்டும்தான் புத்தகம் மாற்றலாம் என்று வைத்தால், செவ்வாய்க்கிழமை படித்து முடித்த பிள்ளை அடுத்த திங்கள் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆசை ஆறிவிடும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையே நூலகப் பொறுப்பில் போடாதீர்கள். அடங்காத பையன் என்று பெயர் எடுத்தவனைப் போட்டுப் பாருங்கள். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று நோட்டைப் பார்க்காமலேயே சொல்வான்.

வாசித்துக் காட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஆறாம் வகுப்புக்கு மட்டும் இல்லை, ஒன்பதாம் வகுப்புக்கும். "பெரிய பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவதா?" என்று தயங்க வேண்டாம். மீசை அரும்புகிற பையன்கள்தான் ரொம்பவும் அமைதியாகக் கேட்பார்கள். எங்கள் பக்கம் மல்லிகைச் சீசனில் பல பிள்ளைகள் விடியுமுன்னே அப்பா அம்மாவோடு பூப்பறிக்கப் போய்விட்டுத்தான் பள்ளிக்கு வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகும். அந்த நேரத்தில் "புத்தகத்தை எடுத்து அமைதியாகப் படி" என்றால் தூங்கத்தான் செய்யும். கதை கேட்கச் சொன்னால் நிமிர்ந்து உட்காரும்.

எப்படி வாசிப்பது? முந்தின நாளே ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள். எங்கே மூச்சு வாங்குவது, யார் பேச்சுக்கு எந்தக் குரல் என்று பிடிபட்டுவிடும். வகுப்பில் நின்றுகொண்டு வாசிக்காமல், ஒரு ஸ்டூலைப் போட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கடினமான சொல் வந்தால் நிறுத்தி விளக்காதீர்கள். கதையின் ஓட்டத்திலேயே புரியும், புரியாவிட்டாலும் அது ஒன்றும் நஷ்டம் இல்லை. பேய்க்கதை, திருடன் கதை, மிருகங்கள் வருகிற கதை, நாட்டுப்புறக் கதை என்று தொடங்குங்கள். நீதி சொல்கிற கதைகளைப் பிள்ளைகள் முதல் வரியிலேயே மோப்பம் பிடித்துவிடும்.

முக்கியமானது நிறுத்துகிற இடம். கிணற்றுக்குள்ளிருந்து சத்தம் வருகிறது, அவன் எட்டிப் பார்க்கிறான், அங்கே நிறுத்துங்கள். புத்தகத்தை மூடி மேசை மேலே வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். "மீதியைப் போய்ப் படியுங்கள்" என்றும் சொல்ல வேண்டாம். மணி அடித்ததும் மேசையைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். "டீச்சர், இன்னிக்கு நான் எடுத்துட்டுப் போறேன்", "இல்ல டீச்சர், நான்தான் முதல்ல கேட்டேன்". ஒரு பிரதிதான் இருக்கும். பின்னட்டையின் உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, வரிசையாகப் பெயர் எழுதச் சொல்லுங்கள். சீட்டில் தன் பெயருக்கு மேலே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது தெரிந்தால், அந்தப் புத்தகத்தின் மேல் மதிப்பு கூடிவிடுகிறது.

எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள்

உயர்நிலைப் பள்ளியில் நூலகம் நடத்துகிறவர்கள் பேசத் தயங்கும் விஷயம் இது. எட்டாம் வகுப்பு வந்தும் சரளமாகப் படிக்க வராத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். படிப்பதே வலியாக இருக்கிறவனுக்கு மகிழ்ச்சிக்காகப் படி என்பது அவனைப் பொறுத்தவரை அர்த்தமில்லாத பேச்சு. இவர்கள் சும்மாவும் இருக்க மாட்டார்கள், மறைப்பார்கள். ஒரு பையன் ஒவ்வொரு வாரமும் தடிமனான புத்தகமாகத்தான் எடுப்பான். ஒரு நாள் பின்னாலிருந்து கவனித்தேன். பக்கத்தில் இருந்தவன் தாளைத் திருப்பும்போதெல்லாம் இவனும் திருப்பினான். கண் புத்தகத்தில் இல்லை, நண்பனின் கையில் இருந்தது.

இவர்களுக்கு மெல்லிய படப்புத்தகம்தான் சரி. ஆனால் "உனக்கு இது போதும்" என்று கையில் திணித்தால் அவமானம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் இருக்கின்றன. படிநிலை ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். "நீ நுழை" என்று எந்தப் பிள்ளைக்கும் முத்திரை குத்தக் கூடாது. நான்கையும் கலந்தே கயிற்றில் போடுங்கள். அவரவர் எடுப்பது அவரவருக்குச் சரியாக இருக்கும்.

அந்தப் பையனுக்கு நான் வேறு வேலை கொடுத்தேன். எங்கள் பள்ளிக்கு ஒட்டினாற்போல் தொடக்கப் பள்ளி இருக்கிறது. அங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை ஒரு கதைப் புத்தகம் வாசித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று சொல்லி அவனையும் இன்னும் மூன்று பேரையும் அனுப்பினேன். சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் போகிறவன் கையில் படப்புத்தகம் இருந்தால் யாரும் கேலி செய்ய மாட்டார்கள். திங்களன்றே புத்தகத்தைக் கொடுத்துவிடுவேன். புதன்கிழமை காலை வந்து, விரலை வைத்துக்காட்டி, "டீச்சர், இது என்ன வார்த்தை?" என்றான். "சறுக்கியது." வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். அந்த இடம் வந்தபோது தடுக்காமல் வாசித்தான், கையால் சறுக்கியும் காட்டினான். பிள்ளைகள் "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று கத்த, மூன்று முறை அந்தப் பக்கத்தையே வாசித்தான். ஒரே புத்தகத்தை ஒரு வாரம் முழுக்கத் திரும்பத் திரும்பப் படிக்க அவனுக்கு இப்போது ஒரு காரணம் இருக்கிறது. எந்தப் பயிற்சி ஏட்டாலும் அப்படி ஒரு காரணத்தைத் தர முடியாது. பக்கத்தில் தொடக்கப் பள்ளி இல்லாவிட்டால் ஆறாம் வகுப்பையோ அங்கன்வாடியையோ பாருங்கள்.

படித்தாயா என்று கேட்காதீர்கள்

கதைச் சுருக்கம் எழுதி வா, கதையின் நீதி என்ன, கதாபாத்திரங்களின் பெயர் சொல். இந்த மூன்றும் வந்த அன்றைக்கே நூலகப் பாடவேளை இன்னொரு தமிழ் வகுப்பாகிவிடும். பிள்ளை புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே "சுருக்கம் எழுத எது சின்னதாக இருக்கும்?" என்று பார்க்கத் தொடங்கும். அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு என்பதும் எனக்குப் பிடிக்காதது. பரிசு அறிவித்தால் நோட்டில் எண்ணிக்கை ஏறும். எட்டுப் பக்கப் புத்தகங்களாக எடுத்து மறுநாளே திருப்பித் தருவார்கள். மெதுவாக ஒரு பெரிய கதையை ரசித்துப் படிக்கிற பிள்ளை கடைசி இடத்தில் நிற்கும். பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், நூலகத்தைப் பார்த்துக்கொண்ட பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

பாதியில் நிறுத்தவும் பிள்ளைக்கு உரிமை வேண்டும். நாம் எல்லோருமே பிடிக்காத புத்தகத்தை மூடி வைக்கிறோம். "எடுத்ததை முடித்துவிட்டுத்தான் அடுத்தது" என்ற விதி எங்கள் நூலகத்தில் கிடையாது.

அப்படியானால் பிள்ளைகள் படிக்கிறார்களா என்று எப்படித் தெரியும்? ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், அதுவும் விருப்பம் இருந்தால்தான் பதில். "இந்தப் புத்தகத்தை அடுத்து யாருக்குக் கொடுக்கலாம்?" ஒரு சீட்டில் பெயரும் காரணமும் ஒரு வரி எழுதிப் புத்தகத்துக்குள் வைக்கலாம். "கார்த்திக்கு. அவனுக்குப் பாம்புன்னா பயம், நல்லா பயப்படட்டும்." "ஏழாப்பு பி பிரிவு பொண்ணுங்களுக்கு. இதுல வர்ற அக்கா சைக்கிள் ஓட்டும்." ஒரு பிள்ளை எழுதியது: "எங்க அப்பத்தாவுக்கு. அதுக்குப் படிக்கத் தெரியாது, நான் படிச்சுச் சொல்றேன்." புத்தகத்தைப் படிக்காமல் இப்படி ஒரு வரி எழுத முடியாது. எழுதப்பட்ட பெயருக்கு உரியவர் அன்றைக்கே வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்பார். ஆசிரியர் பரிந்துரைத்தால் பாதிப் பேர் ஒதுங்குவார்கள். கூட விளையாடுகிறவன் சொன்னால் எடுத்துப் பார்ப்பார்கள்.

எது வாசிப்பு என்பதிலும் கொஞ்சம் தாராளமாக இருங்கள். நாளிதழின் விளையாட்டுப் பக்கம் வாசிப்புதான். படக்கதை வாசிப்புதான். டிராக்டர் நிறுவனத்தின் விளம்பரப் புத்தகத்தை வரி விடாமல் படிக்கிற பையன் எங்களிடம் இருக்கிறான். அவனுக்கு வண்டிகளைப் பற்றி ஒரு புத்தகம் தேடித் தருவதுதான் என் வேலை, கதை படி என்று விரட்டுவது இல்லை.

நூலகப் பாடவேளையைக் காப்பாற்றுவது

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் நூலகப் பாடவேளையைக் கேட்பார்கள். அவர்களுக்குப் பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி. சண்டை போட வேண்டாம். நான் ஒரு விஷயத்தை மட்டும் சொல்வேன். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். சீர்காழியில் 1892இல் பிறந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகும் வரை கல்லூரிகளில் கணிதம் கற்பித்தவர். அவருடைய ஐந்து விதிகள் 1931இல் நூலாக வந்தன. நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அடுத்த இரண்டு. வாசகரின் நேரத்தைச் சேமி என்பது நான்காவது, நூலகம் வளரும் உயிர் என்பது ஐந்தாவது. இந்த ஐந்தையும் ஒரு சார்ட்டில் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டினோம். கணக்கு ஆசிரியர் ஒருவர் படித்துவிட்டு, தானே புதிர்க் கணக்குப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கயிற்றில் போட்டார். கேட்பதும் குறைந்துவிட்டது.

அப்படியும் பாடவேளை கைநழுவினால், நூலகத்தை வகுப்புக்கு எடுத்துப் போங்கள். 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு ஒரு பூக்கூடை போதும். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை. முப்பது புத்தகத்தைக் கூடையில் போட்டு, நூலகப் பிள்ளைகள் இருவர் தூக்கிக்கொண்டு, மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் வைத்தால் ஆள் வந்துவிடும்.

காசில்லாமல் புத்தகம்

பிரதம் புக்ஸ் அமைப்பு 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்செடுத்துப் பயன்படுத்தத் தடை இல்லை. படிநிலைப்படியும் தேடலாம். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, நடுவில் மடித்துப் பின் அடித்து, அட்டைக்குப் பிள்ளைகளையே வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். தாங்கள் வண்ணம் தீட்டிய புத்தகத்தைத் தேடி வந்து எடுப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் தேன்சிட்டு இதழ் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்காகவே வருகிறது. வந்த கட்டை அலுவலக அறையில் கிடக்க விடாமல் அன்றைக்கே பிரித்துக் கயிற்றில் போடுங்கள். மாணவர்கள் எழுதியதும் அதில் வெளியாகும் என்பதைச் சொல்லுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் மாத இதழுக்கு, முன்னாள் மாணவர் யாராவது ஒருவரிடம் ஆண்டுச் சந்தா கேட்கலாம். பொதுவாக "புத்தகம் கொடுங்கள்" என்று கேட்டால் வீட்டில் வேண்டாததெல்லாம் வந்து சேரும். பிள்ளைகள் விரும்பும் புத்தகங்களின் பட்டியலை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால், பள்ளிக்கு வாங்கும் புத்தகங்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். வகுப்புக்கு இருவர், கையில் இவ்வளவு பணம் என்று சொல்லிவிட்டால் போதும். அவர்கள் எடுக்கும் சில புத்தகங்கள் உங்களுக்குப் பிடிக்காது. வாங்கிக் கொடுங்கள்.

ஊர் நூலகத்தையும் மறக்க வேண்டாம். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம், அதற்குப் பின்னாலும் ரங்கநாதனின் உழைப்பு இருக்கிறது. அந்தச் சட்டப்படி நம் வீட்டு வரியோடு சேர்த்தே நூலக வரியும் வசூலிக்கிறார்கள். வீட்டு வரி ரசீதை ஒரு நாள் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி அந்த வரியைக் காட்டினேன். "அப்ப அந்த லைப்ரரிக்கு எங்க வீட்லயும் காசு குடுத்திருக்கமா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. ஆமாம், அதனால் தயங்காமல் உள்ளே போகலாம். முதல் முறை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். நூலகரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, உறுப்பினர் படிவத்தை வகுப்பிலேயே நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிட்டால், அன்றைக்கே பிள்ளைகள் கையில் புத்தகத்தோடு திரும்பலாம்.

ஏப்ரலில் திரும்ப வாங்காதீர்கள்

வருடக் கடைசியில் எல்லாப் புத்தகங்களையும் வாங்கி, எண்ணி, பீரோவைப் பூட்டிச் சாவியை ஒப்படைப்பது வழக்கம். பிள்ளைக்கு நேரம் கிடைக்கிற மாதம் மே. அப்போதுதான் புத்தகம் பூட்டுக்குள் இருக்கிறது. நான் இதை மாற்றிக்கொண்டேன். ஏப்ரல் நடுவில் ஒரு முறை எல்லாவற்றையும் வரவழைத்து எண்ணி, பதிவேட்டில் தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். கடைசித் தேர்வு நாளன்று மறுபடியும் கொடுக்கிறேன், ஆளுக்கு மூன்று. ஒரே தெருவில் இருக்கிற பிள்ளைகளைச் சேர்ந்து எடுக்கச் சொல்கிறேன். நான்கு பேர் எடுத்தால் பன்னிரண்டு புத்தகம், விடுமுறை முழுக்கத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். தெருவுக்கு ஒரு பிள்ளை பொறுப்பு. அதன் கையில் ஒரு சின்ன நோட்டு.

பத்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களுக்கு மட்டும் இப்படிக் கொடுக்க முடியாது. மாற்றுச் சான்றிதழ் வாங்கியதும் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். அவர்களை ஊர் நூலகத்தில் உறுப்பினராக்கும் வேலையை ஜனவரிக்குள் முடித்துவிடுங்கள். பிப்ரவரிக்குப் பிறகு செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு என்று யாரும் கிடைக்க மாட்டார்கள். ஜூனில் மற்ற பிள்ளைகளின் புத்தகங்கள் வந்து சேரச் சில வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே வகுப்பு வகுப்பாகப் போய்ப் பெயர் வாசிக்காமல், தெருப் பொறுப்புப் பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டு நோட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவர்களே போய் வாங்கி வந்துவிடுவார்கள்.